சம்பந்தி வீட்டு வயர்

எங்கள் வீட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்க வேண்டும். கீழே நின்று பேசினால் "ஹலோ"வுக்கு மேல் ஒரு வார்த்தை போகாது. எங்கள் மில்லர்புரத்தில் மற்ற வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. இது என் மாமனார் கட்டிய வீடு. கடல் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று சுவரை ஜெயில் சுவர் மாதிரி எழுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உள்ளே காற்றும் வராது, சிக்னலும் வராது. கரப்பான்பூச்சிக்கு மட்டும் எப்படியோ வழி தெரிகிறது.

நான் தையல்காரி. ஜாக்கெட் தைப்பது என் வேலை, அதை நன்றாகச் செய்வேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மெயின் ரோட்டில் வாடகைக்குக் கடை வைத்திருந்தேன். கட்டிடக்காரர் இடித்துக் கட்டப்போகிறேன் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். மெஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள், வீட்டுக்கு வரச் சொன்னால் "ரொம்ப உள்ள தள்ளி இருக்குக்கா" என்றார்கள். ஜாக்கெட் இறுக்கமாக இருக்கிறது என்று சண்டை போட மட்டும் எத்தனை சந்து தாண்டியும் வருவார்கள். மெஷின் சும்மா கிடந்தது. நானும் சும்மா கிடந்தேன். சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். வேலை இருந்தாலும் வரும், ஆனால் அது வேறு கோபம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். இன்டர்நெட் வழியாகத் தையல் வகுப்பு நடத்துகிறார்களாம். துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் நம் பெண்கள் வீட்டில் இருந்தபடியே படிக்கிறார்களாம். ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். என் வாடிக்கைக்காரி ஒருத்தி, நான் கடையில் துணி வெட்டுவதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். கையை வைத்துத் தைக்கிற கைக்குழி வளைவை வெட்டிக்கொண்டே, பக்கத்தில் கத்தரிக்கோலைத் தப்பாகப் பிடித்த ஒருத்தியை நான் திட்டுகிற படம். அதைப் பார்த்துத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்க. பிடிச்சிருந்தா வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

சிக்னல் மொட்டைமாடியில்தானே? மேஜையை மொட்டைமாடிக்குத் தூக்கினேன். நான் தூக்கினேன் என்றால் என் வீட்டுக்காரர் தூக்கினார், நான் வழி சொன்னேன். அவர் உப்புக் கம்பெனியில் எடைமேடையில் வேலை பார்க்கிறவர். கனத்தைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது, லாரியையே எடை போடுகிறவர் என்று நினைப்பு. போனைத் தொட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். காற்றுக் காலம். அளவுக் காகிதத்தைத் துணி மேல் விரித்த உடனே அது எழும்பி, எதிர்வீட்டு முருங்கை மரத்துக்கு மேலே போய், அப்படியே அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அதைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையோடு சென்னையில் என் படம் உறைந்து நின்றுவிட்டதாம். வாயைத் திறந்தபடி. அந்த அம்மா அதை எனக்கு அனுப்பியும் வைத்தார்.

"உங்க கை வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால இன்னொரு வாய்ப்பு தர்றேன்" என்றார். "சனிக்கிழமை மூணு மணி. வீட்டுக்குள்ள இருந்து, நல்ல நெட்ல வாங்க. இந்தத் தடவையும் படம் நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கோயம்புத்தூர்ல ஒருத்தங்க காத்திட்டிருக்காங்க."

அந்தக் கோயம்புத்தூர்க்காரியை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் என் எதிரி.

சனிக்கிழமைக்குள் வீட்டுக்கு நெட் வேண்டும். ஃபைபர் என்கிறார்கள், கண்ணாடி வயர் என்கிறார்கள். அது எங்கள் தெருமுனை வரைக்கும்தான் வந்திருக்கிறது. அதாவது குழி வந்திருக்கிறது. வயர் வரவில்லை. குழியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, டிவி பார்க்கிற கேபிள் வயரிலேயே நெட் வாங்குவது. இன்னொன்று, பழைய டெலிபோன் கம்பியில் நெட் வாங்குவது.

கேபிள் வயர் எங்கள் மொட்டைமாடியைத் தாண்டித்தான் எதிர்வீட்டுக்குப் போகிறது. நான் அதில் ஈரப் பாவாடை காயப்போடுவேன். டெலிபோன் கம்பி மாமனார் காலத்தில் இழுத்தது. அதன் நுனியில் ஒரு கறுப்பு டெலிபோன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேச்சு மூச்சு இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் அவர் அப்பா படத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் துடைப்பார்.

எது நல்லது என்று தெருவில் கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கேபிள் எடு, பறக்கும் என்றார்கள். கேபிள் எடுக்காதே, பறந்து போய்விடும் என்றார்கள். போன் லைன் எடு, மெதுவாக வந்தாலும் நின்று வரும் என்றார்கள். போன் லைன் வேண்டாம், நின்றே போய்விடும் என்றார்கள். எதிர்வீட்டு அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் வேண்டாம் ஏளா, ஜெபம் பண்ணு" என்றாள். அவள் வீட்டில் கேபிள் நெட்தான் இருக்கிறது. அவளே அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது?

லைனிங் துணி வாங்குவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வியாபாரிகளையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிடுவேன். ஒருத்தர் துணியை இன்னொருத்தர் கிழித்துக் காட்டுவார். சாயம் போகும் என்று இவர் சொல்வார், நூல் பிரியும் என்று அவர் சொல்வார். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. உண்மை தானாக வெளியே வரும், விலை தானாக இறங்கும். நெட்டுக்கும் அதையே செய்தேன். புதன்கிழமை காலையில் கேபிள்காரரையும் போன்காரரையும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒருத்தர் வருவது இன்னொருத்தருக்குத் தெரியாது.

கேபிள்காரர் முதலில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், கொழுத்த மீசை. எங்கள் பகுதிக்கெல்லாம் அவர்தான் கேபிள். பின்னாலேயே போன்காரர் வந்தார். டெலிபோன் லைன்களைப் பராமரிக்கிற காண்ட்ராக்ட்காரர். தோளில் ஒரு பை, அதற்குள் ஸ்பானர்கள் உருளும் சத்தம். வாசலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்த உடனே இரண்டு பேர் முகமும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஆனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்கார வைத்து, டீயும் தட்டில் முந்திரி மக்ரூனும் கொடுத்தேன்.

"எனக்குச் சனிக்கிழமைக்குள்ள நெட்டு வேணும். மூணு மணிக்குப் படம் நிக்கக் கூடாது. யாரு லைன் நல்ல லைன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று பொதுவாகச் சொன்னேன்.

கேபிள்காரர் ஆரம்பித்தார். "இதுல சொல்ல என்ன தங்கச்சி இருக்கு? அவுக கம்பி வெள்ளக்காரன் காலத்துக் கம்பி. உப்புக்காத்துல பச்ச பூத்துக் கெடக்கு. அதுல நெட்டு வாரதுக்குள்ள ஒங்க துணி நைஞ்சு போவும்."

போன்காரர் மக்ரூனை வாயில் போட்டபடி, "நம்ம கம்பி மண்ணுக்குள்ள போகுது. இவுக வயரு மாடி மாடியா தொங்குது. காக்கா உக்காந்தா அறுந்துரும். பட்டம் மாட்டுனா அறுந்துரும். இந்தா, தங்கச்சியே அதுலதான் துணி காயப்போடுது" என்றார்.

"அது எங்க வயரு தாங்குதுன்னு அர்த்தம்!"

"தாங்கட்டும், தாங்கட்டும். கொடியா விக்க வேண்டியதுதான? எதுக்கு நெட்டுன்னு சொல்லி விக்குதிய?"

"ஒங்க நெட்டுல ஒரு படம் எறக்குததுக்குள்ள அந்த நடிகனுக்கு நரச்சிரும்வே!"

"ஒங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே வயருதான? ஒருத்தன் படம் பாத்தா பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பட்டினி. எங்க கம்பி வீட்டுக்கு ஒண்ணு. அவனவன் சோறு அவனவனுக்கு."

நான் மக்ரூன் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இருவரும் இருப்பதை எல்லாம் கொட்டியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். எனக்கு அப்போதே பக்கென்றது. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களை வியாபாரம் நடக்கிற இடத்தில் விடக் கூடாது.

"அண்ணாச்சிக்குச் சொந்த ஊரு எங்கன?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் கேட்பார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டரிடம் கேட்பார்கள். பதில் தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியாது.

"ஏரல்" என்றார் கேபிள்காரர், மீசையைத் துடைத்தபடி.

போன்காரர் கையிலிருந்த டீ நின்றது. "ஏரல்ல எங்கன?"

"ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். எங்க அண்ணன் அங்கதான் பாத்திரக்கடை வச்சிருக்காரு."

"பாத்திரக்கடையா? அவுகளுக்குப் பி.காம் படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

போன்காரர் டீயைக் கீழே வைத்தார். பையை மடியிலிருந்து இறக்கினார். தோளில் கிடந்த துண்டைக் கூட எடுத்துவிட்டார். "எங்க அக்கா மகனுக்கு அந்தப் பொண்ணத்தான் கேட்டு விட்டிருக்கு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுதானே, அந்தப் பையன். போன வாரந்தான் தரகர் போட்டோ கொண்டாந்தாரு."

"யய்யா!" கேபிள்காரர் எழுந்தே விட்டார். "நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா?"

அதோடு என் கதை முடிந்தது. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். பையன் எப்படி, குடிப்பானா என்று இவர் கேட்டார். பொண்ணு எப்படி, சமைக்குமா என்று அவர் கேட்டார். எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு யார் வந்தார்கள் என்று பேசினார்கள். என் கூடத்தில், என் மக்ரூனைத் தின்றுகொண்டு, எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு சம்பந்தம் பேசினார்கள். என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நெட்டு?" என்றேன்.

இரண்டு பேரும் ஏதோ அசிங்கமான வார்த்தையைக் கேட்டது போலத் திரும்பினார்கள்.

"நீங்க அவுக லைனையே எடுத்துக்கிடுங்க தங்கச்சி" என்றார் கேபிள்காரர்.

"சேச்சே, அவுககிட்டயே எடுங்க. நான் குறுக்க வரமாட்டேன்" என்றார் போன்காரர்.

"பொண்ணு குடுக்கப் போற எடத்துல ஒரு கனெக்ஷனுக்குப் போட்டி போட்டேன்னு பேரு வரலாமா?"

"பொண்ணு எடுக்கப் போற வீட்டு வாடிக்கையப் பறிச்சேன்னு எங்க அக்கா காதுல விழுந்தா?"

விருந்து வீட்டில் கடைசி அப்பளத்தை இலை இலையாகத் தள்ளிவிடுவார்களே, அப்படி என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள். போன்காரர் பின்னால் உட்கார்ந்து சம்பந்தக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நல்ல காரியம் நடந்திருக்கு ஏளா" என்றார்.

"ஒங்க வாயில அந்தத் துண்டத் திணிச்சாதான் நல்ல காரியம் நடக்கும்" என்றேன்.

மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேபிள்காரரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை போனால் என் பிழைப்பு போகும் என்று சொன்னேன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய லைனையே குறை சொல்ல ஆரம்பித்தார்.

"நம்ம லைனு சரியில்ல தங்கச்சி. வேகம் இருக்கு, இல்லன்னு சொல்லல. தெருவுல கூட்டம் சேர்ந்தா இழுக்கும். சனிக்கிழமன்னா பிள்ளைகளும் வீட்டுல கெடக்கும். பொம்பளைகளுக்கு மத்தியானச் சீரியல் வேற. நீங்க மாப்பிள்ள வீட்டு லைன எடுங்க. நெலையா நிக்கும்."

அடுத்து போன்காரரைக் கூப்பிட்டேன். அவர் தன் லைனைக் குறை சொன்னார்.

"வாரது வரும் தங்கச்சி, போறதுதான் போகாது. அதாவது நீங்க படம் பாத்தீயன்னா பாக்கலாம். நீங்க படம் அனுப்பணும்லா? அந்தப் பக்கம் ஓட்டை சின்னது. அதோட ஒங்க வீட்டுக் கம்பி கடைசிக் கம்பி. எக்ஸ்சேஞ்சுல இருந்து அம்புட்டுத் தூரம் வாரதுக்குள்ள பாதி செத்துரும். பொண்ணு வீட்டு லைன எடுங்க. ஒங்க வேலைக்கு அதுதான் சரி."

எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சிரிப்பு. எந்த விளம்பரத்தில் இப்படிச் சொல்வார்கள்? சண்டை போட்டிருந்தால் ஒருத்தரை ஒருத்தர் பொய் சொல்லித் திட்டியிருப்பார்கள். மரியாதை வந்ததால் தன்னைத் தானே உண்மையாகத் திட்டிக்கொள்கிறார்கள். தெருவே சொல்லாத விஷயத்தை இரண்டு பேரும் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். படம் பார்க்கிறவளுக்கு எது வேண்டுமானாலும் போதும். நான் படம் அனுப்புகிறவள். சாக்பீஸ் கோடு சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்குக் கேபிள்தான்.

முடிவு செய்துவிட்டேன். ஆனால் தருகிறவர் தரமாட்டேன் என்கிறாரே?

மறுபடியும் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். "ஒங்க மாப்பிள்ள வீட்டுக்காரரே ஒங்க லைனத்தான் எடுக்கச் சொல்லிட்டாரு. அப்பறம் என்ன?"

"அது அவுக பெருந்தன்ம. அதுக்காக நான் வந்து மாட்டிட்டுப் போயிட முடியுமா? நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும்லா. பொண்ணு வீடு இப்பமே மிஞ்சுதுன்னு சொல்லிருவாவ."

எனக்குப் பொறுமை அறுந்தது. "அண்ணாச்சி, நான் ஒங்களுக்குப் பொண்ணும் குடுக்கல, ஒங்ககிட்டப் பொண்ணும் எடுக்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். நிச்சயதார்த்தம்னா அந்தப் பிள்ளைக்கு ஜாக்கெட் யாரு தைப்பா? இந்த ஊருல கைக்குழி சுருக்கம் இல்லாம வெட்டுதவ நான் ஒருத்திதான். நான் பாட்டுக்குக் கோவத்துல துணிய வாங்கிப் போட்டுட்டு நாள்க்கணக்கா தொடாம இருந்தா, பொண்ணு எதப் போட்டுக்கிட்டு மாப்பிள்ள வீட்டு முன்னால வந்து நிக்கும்?"



"அப்படின்னா ஒண்ணு செய்யலாம்" என்றார். "மாப்பிள்ள வீட்டுக்காரரு கையால அவுகளே வந்து மாட்டட்டும். அவுக மாட்டுனா பேச்சே வராது."

பைத்தியக்காரத்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அதுதான் நடந்தது. கேபிள்காரர் வயரையும் பெட்டியையும் கொண்டுவந்து ஓரமாகக் கைகட்டி நின்றார். போன்காரர் குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டையில் வந்திருந்தார். என் பாவாடையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு மொட்டைமாடி வயரிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஜன்னல் வழியாக இறக்கி, நுனியைச் சீவி, பெட்டியில் திருகினார். தன் வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்த வயரைத் தாலி முடிச்சுப் போடுகிற கவனத்தோடு திருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கேபிள்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். நான் வாங்கவில்லை. சனிக்கிழமை முடியட்டும் என்றேன்.

"நாளைக்கு மூணு மணிக்குப் படம் நிக்காதுல்லா?" என்று போன்காரர் கேட்டார், சம்பந்தக்காரரைப் பார்த்து.

கேபிள்காரர் நெஞ்சில் கை வைத்தார். "நீங்க மாட்டுன வயரு. அது நின்னா நான் ஏரல் பக்கமே போகமாட்டேன்."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த மாதிரி ஆட்கள் நெஞ்சில் கை வைத்தால் ஏதாவது விபரீதம் நடக்கும்.

சனிக்கிழமை. கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கி ஒன்று இருக்கிறது. அதில் கயிறு கட்டிப் போனைக் குப்புறத் தொங்கவிட்டேன். கீழே மேஜை, மேஜையில் துணி, துணியில் அளவு. சென்னை அம்மாவின் குரல் உத்தரத்திலிருந்து அசரீரி மாதிரி வந்தது.

"படம் தெளிவா இருக்கே! கோடு கூடத் தெரியுது. ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். கழுத்து அளவைச் சொன்னேன், தோளைச் சொன்னேன். படம் நிற்கவில்லை. சாக்பீஸ் ஓடியது. எனக்கே என் மேல் மரியாதை வந்துகொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக் கைக்குழி வளைவில் வைத்தபோது வாசலில் சத்தம்.

"ஏளா! ஒங்க வீட்டுல டிவி வருதா?"

எதிர்வீட்டு அக்கா. அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் கேபிள் இல்லை. டிவி இல்லை, நெட் இல்லை, சீரியலில் யாரோ யாருக்கோ விஷம் வைக்கப் போகிற நேரம், அப்படியே இருண்டுவிட்டது. என் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு எரிகிறது.

"இவளுக்கு மட்டும் வருதுடீ!"

"எப்படி வருது?"

"நேத்து ரெண்டு பேரு வந்து பூசை போட்டாகளே, அதான்."

வாசலில் நிறுத்த என் வீட்டுக்காரர் போனார். நிறுத்தினாரா? "உள்ள வாங்க, டீ சாப்பிடுதியளா?" என்று கேட்டார். எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

உத்தரத்திலிருந்து குரல் வந்தது. "என்ன ஆச்சு? துணியைக் காணோம். ஒரே மல்லிகைப்பூவா தெரியுது?"

அத்தனை தலையும் மேஜை மேல் குனிந்திருந்தது. சென்னைக்குத் தெரிந்தது கொண்டைகள்தான். எதிர்வீட்டு அக்கா குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

என் கண் முன்னால் கோயம்புத்தூர்க்காரி வந்து நின்றாள். கையில் கத்தரிக்கோல் வளைவின் நடுவில் நிற்கிறது. வெட்டை நிறுத்தினால் துணி பிசிறும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தேன். திட்டினேன்.

"தலைய எடுங்க எல்லாரும்! இது என்ன கோயில் கொடையா? நீ அந்தப் பக்கம் போ. நீ கத்தரிக்கோலுக்குக் கீழ வெரல வைக்காத, வெட்டிப்புட்டேன்னா ஒம் புருஷனுக்கு நானா சோறு பொங்கிப் போடுவேன்? அக்கா, சும்மா நிக்காதிய, துணி நுனியப் பிடிங்க. இழுக்கக் கூடாது! பிடிக்கச் சொன்னேன், இழுக்கச் சொல்லல. இந்தா பாருங்க, எல்லாரும் பாருங்க. இந்த வளைவ நேரா வெட்டுனா கையத் தூக்கும்போது கிழியும். ரொம்பக் குழிச்சா அக்குள்ல மடிப்பு விழும். பழைய ஜாக்கெட்ட மேல வச்சு வெட்டுதியளே, அது பழைய தப்ப மேல வச்சு வெட்டுதது."

சத்தம் அடங்கியது. சீரியல் போன பெண்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். கத்தரிக்கோல் வளைவைச் சுற்றி வந்ததை விஷம் வைக்கிற காட்சி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி, தோள் சரிந்தவளுக்கு எப்படி வெட்டுவது என்று கேட்டாள். காட்டினேன். இன்னொருத்தி, முதுகு கூனினவளுக்கு என்றாள். "நிமிந்து நில்லு, சரியாப் போவும்" என்றேன்.

அப்போது எதிர்வீட்டு அக்கா மெதுவாக இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். மொட்டைமாடியிலிருந்து பறந்துபோன என் அளவுக் காகிதம்.

"எங்க முருங்க மரத்துக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு. இத வச்சு எனக்கு ஒண்ணு வெட்டுனேன். கை ஏறவே இல்ல."

"ஏறாது! அது ஒல்லியானவளுக்குப் போட்ட அளவு. அடுத்தவ அளவத் திருடுனா ஏறுமா?"

உத்தரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் போன் இருந்ததையே மறந்துபோயிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன்.

"ஸ்டூடண்ட்ஸையும் இப்படித்தான் திட்டுவீங்களா?" என்று கேட்டார் சென்னை அம்மா.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "தப்பா வெட்டுனா திட்டுவேம்மா. துணி அவுகளுதுதான். ஆனா கோவம் எனக்குத்தான் வரும்."

படம் நின்றுவிட்டதோ என்று பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தேன். நிற்கவில்லை.

"திங்கட்கிழமையில இருந்து வந்துடுங்க. இதே மூணு மணிக்கு" என்றார். "அந்த அக்காவையும் வரச் சொல்லுங்க. துணி நல்லாப் பிடிக்கறாங்க."

நான் போனைக் கொக்கியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் சத்தம் கேட்டது. கேபிள்காரர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பின்னால் போன்காரர்.

"படம் நின்னுச்சா தங்கச்சி? நின்னிருக்காதே! எதிர்வீட்டு இணைப்பையும் கழட்டிட்டு, தெருப் பெட்டியில ஒங்க வயரத் தவிர மத்த எல்லாத்தையும் பிடுங்கி வச்சிட்டுல்லா நின்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் கூடம் முழுக்கப் பெண்கள் இருப்பதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத்தில் போட முடியாது. நான் திட்டியதெல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விஷம் யார் வைத்தது என்று தெரியாமல் போனதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, "இப்பமே போன் போட்டு மாட்டச் சொல்லுலே" என்றாள். அவர் வயதுக்கு அவரை யாரும் அப்படி "லே" போட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னால் வேறு.

ஆனால் போன்காரரின் முகத்தைப் பார்த்தேன். பெருமை தாங்காமல் நின்றார்.

"பாத்தீயளா தங்கச்சி" என்றார் என்னிடம். "ஒரு வாக்கு குடுத்ததுக்காக ஒரு தெருவையே அணச்சிட்டாக. இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும். இன்னைக்கே எங்க அக்காகிட்டச் சொல்லிருதேன்."

"சொல்லுங்க" என்றேன். "அப்படியே திங்கக்கிழம மூணு மணிக்கு எந்தத் தெருவ அணைக்கப் போறிய, அதையும் கேட்டுச் சொல்லுங்க."

அவர்கள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் அதை யாரும் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு சம்பந்திகளும் வெயிலில் நின்று, கேபிள் ஆபீசிலிருந்து என் வீட்டுக்கென்று தனியாக ஒரு வயர் இழுத்தார்கள். சும்மா நிற்கிற பழைய டெலிபோன் கம்பம் வழியாக எப்படி இழுப்பது என்று போன்காரர் சொல்ல, கேபிள்காரர் ஏணியில் ஏறினார். என் வீட்டுக்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்தார். வேலை முடிந்ததும் கேபிள்காரர் ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் துணி, நிச்சயதார்த்தத்துக்கு.

"கைக்குழி சுருக்கம் இல்லாம இருக்கட்டும்" என்றார்.

"அந்தப் புது வயருல துணி காயப்போடலாமா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.